காரையிலிருந்து காசிமேடு வரை ஒரு 6 மில்லிமீட்டர் துண்டு

முதல் நாள், ஞாயிறு. தண்டையார்பேட்டை

காலையில் அரியலூரில் பல்லவன் ஏறினேன். எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலில் மெட்ரோ மாறி, தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டுப் படி ஏறும்போது மணி ஒன்றரை. செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாகச் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியைத் திறந்தேன். ஊரில் வைக்கும்போது ஒன்றாக இருந்த புதைபடிவத் துண்டு இப்போது இரண்டாகக் கிடந்தது. கூட்டத்தில் பெட்டி நசுங்கியிருக்கிறது. பஞ்சு வைத்துத்தான் கொண்டு வந்தேன், போதவில்லை. நல்ல வேளை, பெரிய துண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்திலிருந்து அரிசி நொய் அளவுக்கு ஒரு சில்லு மட்டும் பெயர்ந்திருந்தது. அக்கா கொடுத்த மூடி போட்ட மருந்து டப்பாவில் இரண்டையும் மாற்றி வைத்த பிறகுதான் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன்.

மே மாதம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அக்கா வீட்டுக்கு வருவது வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த முறை கூடவே ஒரு கேள்வியும் வந்திருக்கிறது: இந்தத் துண்டு என்ன? ஒரு வாரம் இங்கே இருப்பேன். அன்றன்றைக்கு நடந்ததை ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

துண்டு கிடைத்த இடம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவே நிலம் ஓடை ஓடையாக அரித்துப் போய், புல் பூண்டு அதிகம் இல்லாமல் செம்மண்ணும் சாம்பல் களியுமாகக் கிடக்கும். வெயிலில் ஜிப்சம் சில்லுகள் கண்ணாடி உடைந்து சிதறியது போல மின்னும். அந்தக் களி எல்லாம் கடலடிச் சேறு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியக் காலத்தில், பெரம்பலூர் அரியலூர் பக்கம் கடல் ஏறி நின்றது. 1860களிலேயே ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பாறைகளை ஊத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்துப் பெயர் வைத்தார். காரைக் களி இவற்றில் கீழே இருக்கும் ஊத்தத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் அங்கே நடந்துகொண்டிருந்தேன். மூன்றாவது ஓடையின் இடது சரிவில், பழைய மழை கழுவிவிட்ட இடத்தில், களியின் மேலேயே கிடந்தது. நான் எதையும் தோண்டவில்லை. கிடைத்த இடத்தையும் தேதியையும் அங்கேயே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். மறந்துபோனால் அப்புறம் துண்டு வெறும் கல்தான்.

நீளம் 6 மில்லிமீட்டர், அகலம் 4. மங்கிய தந்த நிறம். வாழைப்பழத்தை நுனியும் காம்பும் வெட்டி நடுவை மட்டும் எடுத்தது போல லேசாக வளைந்திருக்கிறது. வெளி வளைவில் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு நீளவாக்கில் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இரண்டாம் நாள், திங்கள். பழைய வண்ணாரப்பேட்டை

உண்மையைச் சொல்கிறேன், அது பல்லாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். காரைக் களியிலிருந்து சுறாப் பல் கிடைத்திருக்கிறது. இக்தியோசார் என்ற கடல் ஊர்வனத்தின் எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. 1879லேயே ரிச்சர்ட் லைடெக்கர் என்ற ஆய்வாளர் இந்தத் திருச்சிப் பக்கத்து முதுகெலும்புகளைப் பார்த்து இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார். வளைந்த, மேடு ஓடும், தந்த நிறத் துண்டு ஒன்று கையில் கிடைத்தால் யாருக்கும் அந்த ஆசைதான் வரும்.

பல்லா ஓடா என்று பிரிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. பல்லும் எலும்பும் கால்சியம் பாஸ்பேட். சங்கு, சிப்பி ஓடுகள் கால்சியம் கார்பனேட். கார்பனேட் மேல் அமிலம் பட்டால் கரியமில வாயு குமிழ் விடும், பாஸ்பேட் சும்மா இருக்கும். அக்காவின் சமையலறையில் வினிகர் இருந்தது. உடைந்த சில்லுக்கு இப்போது ஒரு வேலை வந்தது. காரைக் களியிலேயே சுண்ணாம்பு கலந்திருக்கும் என்பதால், களி ஒட்டியிருக்கும் வெளிப்பக்கத்தில் வினிகர் விட்டால் களியும் குமிழ் விட்டு நம்மை ஏமாற்றிவிடும். அதனால் சில்லின் புதிதாக உடைந்த முகத்தில், குண்டூசி முனையில் தொட்டு ஒரே ஒரு சொட்டு வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் அக்கா பையன் தன் ஃபோனை ஜூம் வைத்துப் பிடித்தான். "மாமா, வருது வருது" என்றான். மணல் பருக்கையைவிடச் சின்னக் குமிழ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தன. உடனே சில்லைத் தண்ணீரில் கழுவித் துணியில் ஒற்றினேன்.

பல் இல்லை. ஓடு.

மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் பழைய வண்ணாரப்பேட்டைக்கு நடந்தேன். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்தில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. அறுபது வயதுக்காரர். நான் கேட்டது லென்ஸ். டப்பாவைத் திறந்து காட்டியதும் அவரே லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, துண்டைச் சாமணத்தால் எடுத்தார். என் கையில் இரண்டு மாதமாக இருந்த துண்டை அவர் பிடித்த பிடியைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவு மெதுவாகப் பிடித்தார்.

"இது உள்ள ஓட்டை இருக்கு சார். சேறு அடைச்சிருக்கு. ஊசி வெச்சு எடுக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. அவர் ரப்பர் பல்பை எடுத்து இரண்டு முறை காற்று ஊதினார். மேலே ஒட்டியிருந்த தூசி போனது. லென்ஸை என்னிடம் கொடுத்தார். வெட்டு முகத்தில் வட்டமாக ஒரு துளை, அதற்குள் சாம்பல் நிறக் களி, சுற்றிலும் தடித்த சுவர். துளை ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும், சுவர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். இரண்டு மாதமாக நான் கவனிக்காத துளை. அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பழைய லென்ஸ் ஒன்று அவரிடம் இருந்தது. 250 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். துண்டைப் பார்த்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மூன்றாம் நாள், செவ்வாய். காசிமேடு

இப்போது கையில் இருப்பது வளைந்த குழாய். காரைக் களியில் கிடைக்கும் குழாய் மாதிரியான பொருள்களை நேற்று ராத்திரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பெலம்னைட் என்பது கணவாயின் தூரத்து உறவு, துப்பாக்கிக் குண்டு வடிவில் இருக்கும். ஆனால் உடைத்துப் பார்த்தால் நடுவிலிருந்து ஊசி ஊசியாகப் படிகம் விரிந்து கெட்டியாக இருக்கும், இப்படி நீளத்துக்குத் துளை ஓடாது. அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடல் உயிரி என்றால் உள்ளே அறை அறையாகத் தடுப்பு இருக்க வேண்டும், ஓடும் மெல்லியது. யானைத் தந்தம் போன்ற தந்தச் சிப்பியும் வளைந்த குழாய்தான், ஆனால் ஒரு பக்கம் மட்டும் வரப்பு ஓடாது. மிச்சம் இரண்டு: ஒழுங்கில்லாமல் குழாயாக வளரும் ஒரு வகை நத்தை, அல்லது கடல் புழு கட்டும் சுண்ணாம்புக் குழாய்.

புழுக் குழாயை உயிரோடு பார்க்க வேண்டும் என்றால் காசிமேட்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அதுவும் இந்த மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதனால் வருஷத்தில் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகம் இந்த ரெண்டு மாதம்தான் வெளியே தெரியும். படகைக் கரையேற்றிச் சுரண்டி, பலகை மாற்றி, பெயின்ட் அடிக்கிறார்கள். துறைமுகம் முழுக்க உளிச் சத்தமும் பெயின்ட் வாடையும்தான். மீன் வாடை கம்மி.

காலை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. ஒரு படகின் அடியில் இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தார்கள். இரும்புச் சுரண்டி ஒவ்வொரு இழுப்புக்கும் கரகரவென்று சத்தம் போட்டது. கீழே வெள்ளையாகக் குவியல். கொட்டலசு, சின்ன சிப்பி, அதற்கிடையே பாம்பு போல நெளிந்து நெளிந்து ஒட்டியிருக்கும் வெள்ளைக் குழாய்கள். கிட்டப் போனதும் பெரியவர் நிமிர்ந்தார்.

"இன்னா சார், போட்டோவா?"

டப்பாவைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். துண்டை வாங்கிப் பார்க்காமல் என் உள்ளங்கையிலேயே வைத்துக் குனிந்து பார்த்தார்.

"புழு கட்ன வூடு சார் இது. நம்ம போட்டுல இருக்கறதும் அதான். இது ஏறிச்சுன்னா போட்டு இழுக்காது, டீசலு குடிச்சுனே இருக்கும்."

பத்துக் கோடி ஆண்டு என்று நான் சொன்னதற்கு அவர் ஆச்சரியப்படவில்லை. "புழுவுக்கு இன்னா சார், அப்பவும் வூடு வேணும்ல" என்றார். பக்கத்திலிருந்த இளைஞர் ஒரு செய்தித்தாளைக் கிழித்து, ஒரு கைப்பிடி குழாய்களை அள்ளி மடித்துக் கொடுத்தார்.

படகின் நிழலிலேயே உட்கார்ந்து லென்ஸில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காசிமேட்டுக் குழாயிலும் நடுவில் வட்டத் துளை. சிலவற்றில் முதுகில் நீளவாக்கில் வரப்பு, என் துண்டில் இருப்பது போலவே. ஆனால் ஒரு வித்தியாசம். காசிமேட்டுக் குழாயைத் திருப்பினால் அடி தட்டையாக இருக்கிறது. பலகையில் ஒட்டியிருந்த பக்கம் அது. சிலவற்றில் பலகையின் நார் வரி கூட அப்படியே பதிந்திருந்தது. என் துண்டில் தட்டையான அடியே கிடையாது. அதற்குப் பதிலாக உள் வளைவில் விரல் நகத்தால் அழுத்தியது போல ஒரு பள்ளம், மேலிருந்து கீழ்வரை.

இந்தப் பள்ளம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதே புழு வகை என்றால் எதில் ஒட்டியது?

நான்காம் நாள், புதன். வீடு

கத்திரி வெயில். எங்கும் போகவில்லை.

பையன் காம்பஸ் எடுத்து வரைபடத் தாளில் ஒரே மையத்தில் வட்டங்கள் போட்டுக் கொடுத்தான், அரை மில்லிமீட்டர் இடைவெளியில். துண்டின் வெளி வளைவை ஒவ்வொரு வட்டத்தின் மேலும் வைத்துப் பார்த்தோம். 7 மில்லிமீட்டர் ஆரம் உள்ள வட்டத்தில் அச்சாகப் பொருந்தியது. அப்படியென்றால் இது முழுசாக இருந்தபோது ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஒரு வட்டத்தின் பகுதி. நீளக் குழாயின் துண்டு இல்லை இது, சுருளின் துண்டு. ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்ன வில்லை ஒன்றின் ஓரம்.

பள்ளம் இப்போது விளங்கியது. குழாய் தன் முந்தின சுற்றின் மேலேயே ஒட்டி வளர்ந்திருக்கிறது. உள் சுற்றின் வளைந்த முதுகு இந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. பையனுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் பிடிபட்டது. அவன் கத்திய கத்தலில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

ஐந்தாம் நாள், வியாழன். எண்ணூர்

தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி எண்ணூரில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தாழங்குப்பம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் அங்கேதான்.

துண்டைச் சேற்றில் வைத்து யோசிக்க வேண்டும் என்று தோன்றியதால் வந்தேன். காரைக் களி என்பது கடலடிச் சேறு என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சேற்றில் கால் வைத்து அதை நினைத்துப் பார்த்ததில்லை.

தண்ணீர் வற்றியிருந்தது. ஓரத்தில் கருஞ்சேறு. முழங்காலுக்குக் கீழே வரை உள்ளே போனது, அடியில் கெட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை. இங்கே ஒரு புழு வீடு கட்ட வேண்டும் என்றால் எதில் ஒட்டும்? பலகை இல்லை, பாறை இல்லை. ஏதாவது சிப்பித் துணுக்கு கிடைத்தால் அதில் தொடங்கலாம், கொஞ்சம் பெரிதானதும் அந்தத் துணுக்கு போதாது. கால் பதித்து நின்றபோது இந்தப் பதில் வந்தது: ஒட்ட இடம் இல்லாத இடத்தில் தன்னையே சுற்றிக்கொண்டு வளர்ந்தால், அகலமான தட்டையான வில்லை கிடைக்கும். தட்டு மாதிரி இருந்தால் சேற்றில் மேலாகக் கிடக்கலாம்.

ஆற்றுக்குள் இரண்டு இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓலைப் பறியை வாயில் கவ்வியபடி, இரண்டு கையும் அடிச் சேற்றில். கரையேறிய பிறகு பெரியம்மா ஒருவரிடம் பேசினேன். அடியில் கைக்கு என்ன தட்டுப்படும் என்று கேட்டேன்.

"முன்னல்லாம் சேறு, சேத்துல எறா. இப்ப காக்கா ஆழி தான் தம்பி. பாய் விரிச்சாப்புல மூடிக்கிச்சு. கைய கிழிச்சுடுது."

காக்கா ஆழி என்பது தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சின்னக் கருஞ்சிப்பி. ஒன்றோடொன்று நூல் விட்டுப் பிணைந்து, சேற்றின் மேல் விரிப்பு போலப் படிகிறது. அடியில் இருக்கும் மஞ்சள் ஆழிச் சிப்பிக்கும் இறாலுக்கும் மூச்சு விட இடம் இல்லை. பெரியம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கும் நெடுக்கும் கீறல், சிலது ஆறியது, சிலது இன்றையது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஆற்றில் எண்ணெய் படிந்ததும் அவர் நினைவில் இருக்கிறது. கரைக் கற்களில் அந்தக் கறுப்புக் கோட்டை அவரே காட்டினார். நான் என் துண்டைப் பற்றிக் கேட்க வந்தவன். ஆனால் எனக்கு இந்தக் கையை எழுதாமல் போக மனம் வரவில்லை. சேற்றை இவரைப் போலக் கையால் அறிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. அந்தச் சேறு அவர் காலத்திலேயே மாறிவிட்டது.

டப்பாவைத் திறந்து காட்டினேன். "பொடிசா இருக்கே" என்றார். அப்புறம் பறியிலிருந்து ஒரு கை இறாலை எடுத்து நீட்டினார். காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

ஆறாம் நாள், வெள்ளி. கொருக்குப்பேட்டை, பெரம்பூர்

அத்தானின் லேத் பட்டறை கொருக்குப்பேட்டையில் இருக்கிறது. நத்தையா புழுவா என்று முடிவு செய்ய ஒரே வழி சுவரின் உள்ளமைப்பைப் பார்ப்பதுதான். அதற்குத் தேய்க்க வேண்டும். பெரிய துண்டைத் தேய்க்க எனக்கு மனசு இல்லை. உடைந்த சில்லு இருந்தது.

அத்தான் ஒரு கண்ணாடிச் சில்லில் ஃபெவிக்விக் தொட்டு நொய் அளவுச் சில்லை ஒட்டினார், குழாயின் நீளவாட்டம் மேலே வரும்படி. 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து இரும்புத் தட்டில் விரித்து, விரல் பாரம் மட்டும் கொடுத்து எட்டுப் போடுவது போலத் தேய்த்தார். பத்துத் தேய்ப்புக்கு ஒரு தடவை நிறுத்தி எனக்குக் காட்டினார். அப்புறம் 2000 நம்பர். கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். எண்ணெய் பட்டதும் வெளுப்பு மறைந்து உள்ளே இருந்த கோடுகள் எழுந்து வந்தன.

டீக்கடையில் காகிதக் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த அடுக்கை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் சுவரில் எப்படிக் கோடு தெரியும்? அப்படி, ஒன்றன் பின் ஒன்றாக, வளைந்து முனை முன்பக்கம் நீட்டிய கோடுகள். ஓரிடத்தில் மட்டும்தான் தெளிவு, மற்ற இடங்களில் படிகம் மாறி அழிந்துவிட்டது. அந்த ஓரிடம் போதும். புழு தன் வாய்ப்பக்கத்தில் சுண்ணாம்புப் பசையை வளையம் வளையமாகப் பூசிக் குழாயை நீட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு பூச்சும் ஒரு கோடு. நத்தையின் ஓடு இப்படி வளராது, அதன் அடுக்குகள் வேறு மாதிரி படியும்.

காசிமேட்டுக் குழாய் ஒன்றையும் அதே மாதிரி தேய்த்தோம். அதே கோடு. அத்தான் லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

மாலையில், அத்தானின் நண்பர் வழியாக, பெரம்பூரில் ஓய்வு பெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். உட்காரச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஓடை? சரிவுல எந்த மட்டம்? பக்கத்துல வேற என்ன கிடந்தது?" துண்டைப் பிறகுதான் கேட்டார். சீட்டைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பக்கத்தில் பெலம்னைட் துண்டுகள் கிடந்தன என்று நான் எழுதியிருந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார்.

அவர் மேசையிலிருந்த நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, ஒரு பெயர் சொன்னார்: ரோட்டுலேரியா. செர்புலிட் என்னும் குழாய்ப் புழுக்களின் குடும்பம். சின்ன வயதில் மட்டும் எதிலாவது ஒட்டி, பிறகு விடுபட்டு, சுருண்ட வில்லையாகச் சேற்றில் தனியே கிடந்த வகை. அண்டார்டிகாவின் சீமோர் தீவில் கிரெட்டேசிய அடுக்குகளில் இதன் உறவுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன என்றார். பெரம்பலூரும் அண்டார்டிகாவும் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்த நிலத்தின் துண்டுகள்தானே.

பிறகு கணினியில் பழைய புத்தகம் ஒன்றின் படப் பக்கங்களைத் திறந்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை வெளியிட்ட தொகுதி. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா எழுதியது. மொராவியாவில் 1838ல் பிறந்து, 1862ல் இந்தியா வந்து, தென்னிந்தியக் கிரெட்டேசிய உயிரினங்கள் பலவற்றை விவரித்து, 1874ல் லடாக் மலைப் பாதையில் உயர நோயால் 36 வயதில் இறந்தவர். நம் ஊர்க் களியில் கிடைக்கும் வில்லை வடிவக் குழாய்க்கு 1868ல் டியுபுலோஸ்டியம் டிஸ்காய்டியம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அவர் அதை வைத்த இடம் நத்தைகளின் தொகுதி. பின்னால் வந்தவர்கள் சுவரமைப்பைப் பார்த்துப் புழுவுக்கு மாற்றினார்கள்.

படங்களைப் பார்த்தேன். சின்னச் சின்ன வில்லைகள், கல்லச்சில் ஒவ்வொரு சுற்றும் நிழலோடு வரைந்திருக்கிறார்கள். ஒன்றின் ஓரத்தைப் பார்த்ததும் என் துண்டு அங்கே எங்கே உட்காரும் என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது.

"அப்ப இது டிஸ்காய்டியம் தானே சார்?" என்றேன்.

"அதைச் சொல்ல முழு வில்லை வேணும். இந்த ஓரத்தை வெச்சு நான் சொல்ல மாட்டேன். ரோட்டுலேரியா வகைன்னு எழுதிக்குங்க, அதுவே நிறைய."

கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அவர் அதற்குச் சொன்ன உதாரணம் நான் நேற்று நின்ற ஆற்றைப் பற்றியது. கொசஸ்தலை ஆற்றின் மேற்பக்கம் திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திரம்பாக்கம். 1863ல் நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்காலக் கருவிகள் கண்டெடுத்த ஊர். அங்கே அடியில் இருக்கும் மெல்லிய அடுக்குக் களியை முன்பு ஆவடிப் பக்கத்துக் கிரெட்டேசியக் களிப்பாறை என்றே எண்ணியிருந்தார்கள். பிறகு தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு தோண்டியபோது அந்தக் களிக்குள்ளேயே கைக்கோடரிகள் கிடைத்தன. அது ஆறு படிய வைத்த களி. 2011ல் அந்தக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று வெளியிட்டார்கள். பார்வைக்கு ஒன்று போல இருந்த களி, வயதில் பல கோடி ஆண்டு தள்ளிப் போனது. "பார்வைக்குப் பொருந்துறதை மட்டும் வெச்சு பேர் எழுதாதீங்க. தெரிஞ்ச வரைக்கும் எழுதுங்க" என்றார்.

வாசல் வரை வந்து, "அடுத்த மழைக்கு அப்புறம் அதே ஓடைக்குப் போங்க. முழுசு கெடச்சா எடுக்காதீங்க, படம் எடுத்துட்டு எனக்கு ஃபோன் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஏழாம் நாள், சனி. தண்டையார்பேட்டை

நாளை காலை வண்டி. அக்கா மாங்காய் ஊறுகாயும் எண்ணூர் இறால் வறுவல் ஒரு டப்பாவும் கட்டி வைத்துவிட்டாள்.

பையன் சீட்டுக்குக் கையெழுத்து அழகாக வேண்டும் என்று தானே எழுதிக் கொடுத்தான். நான் சொல்லச் சொல்ல எழுதியது இது: ரோட்டுலேரியா வகைக் குழாய்ப் புழுவின் வெளிச்சுற்றுத் துண்டு. 6 மில்லிமீட்டர். காரைக் களி, ஊத்தத்தூர்த் தொகுதி. காரை, மூன்றாவது ஓடை, இடது சரிவு, மேற்பரப்பில் கிடந்தது. பக்கத்தில் பெலம்னைட். இனம் தெரியாது.

தேய்த்த சில்லு ஒட்டிய கண்ணாடியையும், காசிமேட்டில் தேய்த்த குழாயையும் அதே டப்பாவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பஞ்சு திணித்தேன். காசிமேட்டுக் குழாய்க்கும் ஒரு சீட்டு வேண்டும் என்று பையன் சொன்னான். சரி என்று அதற்கும் எழுதினோம்: விசைப்படகின் அடி, காசிமேடு, மே மாதம்.